மதுரை வட்டாரத்துப் பழைய மில்களும் கிட்டங்கிகளும்: மீட்டுப் பயன்படுத்த நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மூடிக் கிடக்கும் பஞ்சாலை, சரக்கு இறங்காத கிட்டங்கி, பாழடைந்த தோல் ஷாப் (தோல் பதனிடும் ஆலை) இவற்றில் ஒன்று கைக்கு வந்தால் என்ன செய்வது என்று உரிமையாளர்களும் அறக்கட்டளைகளும் இளம் பொறியாளர்களும் கேட்கிறார்கள். இடிப்பதா, வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்கும் முன்பே செய்யவேண்டிய வேலைகள் பல இருக்கின்றன. அந்த வரிசை தப்பினால் நல்ல கட்டடமும் இரண்டு மழைக்குள் வீணாகிவிடும்.

மதுரையில் கோயிலும் மகாலும்தானே மரபு? மில்லில் என்ன இருக்கிறது?

1870-களின் நடுவில் மதுரைக்கு ரயில் வந்தது. அதன் பிறகு, ரயிலடியை ஒட்டி ஸ்காட்லாந்து ஹார்வி சகோதரர்களின் மதுரா மில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் எழுந்தது. திருப்பரங்குன்றம் பக்கத்து ஹார்விபட்டி அவர்கள் பெயரைத்தான் இன்றும் சுமக்கிறது. கருமுத்து தியாகராசர் செட்டியாரின் மீனாட்சி மில், பசுமலையின் மகாலட்சுமி மில் என்று வரிசை நீளும். மூன்று ஷிப்டுக்கு ஊதிய சங்கைக் கேட்டே அந்தப் பகுதிகளில் உலை வைத்தார்கள். நகருக்குள் கீழ மாரட் வீதி, நெல்பேட்டை பக்கத்துக் கிட்டங்கிகளும், திண்டுக்கல்லின் தோல் ஷாப்களும், ஊர்ப்புறத்துச் சுண்ணாம்புக் காளவாய்களும் இதே கணக்கில் வரும்.

இவற்றில் பெரும்பாலானவை எந்தப் பாதுகாப்புப் பட்டியலிலும் இல்லை. ஒரு நகரம் எப்படிச் சம்பாதித்துச் சாப்பிட்டது என்பதற்கு இவைதான் சாட்சி. தொழிலாளர் குடியிருப்பு வரிசை, கேண்டீன், நேரக் காப்பாளர் அறை, சைக்கிள் ஷெட் எல்லாமே சேர்ந்ததுதான் மில். முகப்புச் சுவரை மட்டும் நிறுத்திவிட்டுப் பின்னால் எல்லாவற்றையும் தள்ளுவதை நாங்கள் பாதுகாப்பு என்று சொல்வதில்லை.

கட்டடத்தின் வயதைப் பத்திரம் இல்லாமல் கணிக்க முடியுமா?

ஓரளவு முடியும். நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் 1930-களிலும், பாபநாசம் நீர்மின்சாரம் 1944-இலும் வந்தன. அதற்கு முந்தைய மில் என்றால் பாய்லர் அறையும் புகைபோக்கியும் பெரும்பாலும் இருக்கும். ஒரே இன்ஜினிலிருந்து லைன் ஷாஃப்ட் (கூடம் நெடுக ஓடும் சுழல்தண்டு) வழியாக எல்லா எந்திரங்களுக்கும் பெல்ட் ஓடியிருக்கும். தூண்களின் தலைப்பகுதியிலும் சுவரிலும் அந்த ஷாஃப்ட்டைத் தாங்கிய வார்ப்பிரும்புக் கொண்டிகள் அல்லது அவற்றின் துளைகள் மிஞ்சியிருக்கும். எந்திரத்துக்கு எந்திரம் தனி மோட்டார் வந்த பிறகு கட்டிய கூடத்தில் இவை இருக்காது.

இரும்பு விட்டங்களின் பக்கவாட்டில் உருக்காலையின் பெயர் புடைத்து நிற்கும். பெயிண்டைச் சுரண்டிப் பாருங்கள். கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டம் (டிரஸ்) ரிவெட் அடித்ததா, போல்ட் போட்டதா, வெல்டிங் வைத்ததா என்பதும் காலத்தைக் காட்டும். ஆனால் கூரையை மட்டும் வைத்து வயது சொல்லாதீர்கள். பழைய டிரஸ் மேல் பிற்காலத்து ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஏறியிருப்பது மிகச் சாதாரணம்.

சாவி கைக்கு வந்ததும் முதல் வேலை என்ன?

தண்ணீரை நிறுத்துங்கள். வடிவமைப்பு, அனுமதி, முதலீடு எல்லாம் பிறகு. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் கூரைக் கால்வாய்கள் சுத்தமாகியிருக்க வேண்டும்.

ரம்பப் பல் போன்ற கூரையில் இரண்டு பற்களுக்கு நடுவே ஓடும் கால்வாய்தான் முதலில் கெடுகிறது. அங்கே புறா எச்சமும் பஞ்சுத் தூசும் கெட்டிப்பட்டு அடைத்துக்கொள்ளும். நீர் தேங்கித் தகரத்தை அரிக்கும்; பிறகு கீழே இருக்கும் விட்டத்தின் முனை துருப்பிடிக்கும். தரையில் நின்று பார்த்தால் தெரியாது. சாரம் கட்டி, விட்டம் சுவருக்குள் நுழையும் இடத்தைச் சுத்தியலால் தட்டுங்கள். துரு அடுக்கடுக்காக உரிந்தால், எவ்வளவு தடிமன் மிஞ்சியிருக்கிறது என்று அளந்து எழுதுங்கள்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 200 சதுர மீட்டர் கூரையில் மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் கொட்டினால் மணிக்கு 20,000 லிட்டர், அதாவது விநாடிக்கு ஐந்தரை லிட்டர். 100 மி.மீ. (நான்கு அங்குல) குழாய் ஒன்றுக்கு 40 சதுர மீட்டர் கூரை என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. இந்தக் கூரைக்கு ஐந்து குழாய்கள் வேண்டும். பழைய மில்களில் இரண்டே இருக்கும். அதிலும் ஒன்று அடைத்திருக்கும். கால்வாயின் இரு முனையிலும், கால்வாய் விளிம்பைவிட 5 செ.மீ. தாழ்வாக ஒரு வழிவு வாய் வெட்டி வையுங்கள். குழாய் அடைத்தாலும் தண்ணீர் வெளியே கொட்டும், கூடத்துக்குள் இறங்காது.

சில மில்களில் உள்ளீடற்ற வார்ப்பிரும்புத் தூணே மழைநீர்க் குழாயாகவும் வேலை செய்யும். தூணின் அடியில் ஈரமோ துருக்கறையோ தெரிந்தால் அதைச் சந்தேகியுங்கள். மேல்வாயை அடைத்து, நீரை வெளியே தனிக் குழாயில் இறக்குவதே நல்லது.

எந்திரங்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?

போடுவதற்கு முன் பதிவு செய்யுங்கள். ஏலத்தில் எந்திரம் எடைக்குப் போகும். பெயர்ப் பலகையும் அதோடு உருகிவிடும். பஞ்சு நுழைந்த வாசலிலிருந்து நூல் வெளியேறிய வாசல் வரை நடந்து, அதே வரிசையில் படம் எடுங்கள்: புளோ ரூம் (பஞ்சை உதிர்த்துச் சுத்தம் செய்வது), கார்டிங் (சிக்கெடுப்பது), டிராயிங் (திரியை நீட்டிச் சீராக்குவது), சிம்ப்ளெக்ஸ் (திரியை மெல்லிதாக்குவது), ரிங் பிரேம் (நூலாக முறுக்குவது), கோன் வைண்டிங் (கூம்பில் சுற்றுவது). ஒவ்வொரு படத்திலும் ஒரு மீட்டர் அளவுகோல் தெரியட்டும். பெயர்ப் பலகையில் உள்ள தயாரிப்பாளர், ஆண்டு, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்திரம் நின்ற இடத்தை 1:50 அளவு வரைபடத்தில் குறியுங்கள். தரையில் இருக்கும் போல்ட் துளைகளே பின்னால் அந்த வரிசையைச் சொல்லும். அவற்றை எல்லாம் கான்கிரீட் ஊற்றி மூடாமல், ஓர் இடத்திலாவது திறந்து காட்டுங்கள்.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எந்திரம் வீதம் வரிசை அறுபடாமல் வைத்தால் போதும். இருபது ரிங் பிரேம் இருந்து கார்டிங் ஒன்றுகூட இல்லையென்றால், பஞ்சு எப்படி நூலானது என்று பிள்ளைகளுக்கு விளக்க முடியாது. வருகைப் பதிவேடு, சம்பளப் புத்தகம், வரைபடக் கட்டுகள் அலுவலக அறையில் கிடக்கும். கரையான் பிடிக்கும் முன் முதல் வாரத்திலேயே அவற்றை எடுத்துவிடுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை எப்படிக் கழற்றுவது?

உடைக்காமல், நனைத்து. முழு ஷீட் சும்மா இருக்கும்போது ஆபத்து குறைவு. உடையும்போதும் அறுக்கும்போதும் பறக்கும் நார்த்தூள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டு கழித்துப் புற்றுநோய் தரும். செய்முறை இப்படி:

சோப்புக் கரைசல் கலந்த தண்ணீரை மெதுவாகத் தெளித்து இருபுறமும் ஊறவிடுங்கள். ஷீட்டைப் பிடித்திருக்கும் துருப்பிடித்த ஜே போல்ட்டை (கொக்கி போல்ட்) நெம்பாதீர்கள். நெம்பினால் ஷீட் விரிசல் விடும். நட்டைக் கட்டரால் வெட்டி எடுங்கள். ஷீட் மேல் யாரும் கால் வைக்கக் கூடாது. பழைய ஷீட் முன்னறிவிப்பின்றி உடையும். கூரையிலிருந்து விழுந்து இறப்பவர்கள் பலர் இப்படித்தான் இறக்கிறார்கள். பர்லின் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) மேல் பலகை போட்டு, பாதுகாப்புக் கயிறு கட்டித்தான் ஏற வேண்டும். இறக்கிய ஷீட்டைக் கனமான பாலிதீனில் இரண்டு சுற்று சுற்றி ஒட்டி, எழுதி வையுங்கள். துணி முகமூடி பயன்படாது. மிக நுண்ணிய தூளைத் தடுக்கும் வடிகட்டியுள்ள முகமூடி வேண்டும். துடைப்பம் போடாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். வேலைக்குப் போட்ட சட்டையோடு வீட்டுக்குப் போகக் கூடாது. உடைந்த துண்டுகளைப் பள்ளம் நிரப்பப் போடுவது இங்கே பரவலாக நடக்கிறது. அது விஷத்தைப் பேரப்பிள்ளைகளுக்குப் புதைத்து வைப்பது. எங்கே ஒப்படைப்பது என்பதை மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து மங்களூர் ஓடு போட நினைப்பவர்கள் எடையைப் பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் சதுர மீட்டருக்குச் சுமார் 15 கிலோ. ஓடு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 15 எண்ணம், ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்கு மேல்; ரீப்பரும் ஈரமும் சேர்த்தால் 40 கிலோவைத் தாண்டும். டிரஸ்ஸைப் பொறியாளர் கணக்குப் போட்டுப் பார்க்காமல் ஓடு ஏற்றாதீர்கள்.

வேறு என்ன விஷம் இருக்கும்?

பழைய டிரான்ஸ்பார்மர், கெப்பாசிட்டர் எண்ணெயில் பி.சி.பி. என்ற நச்சு ரசாயனம் இருக்கலாம். சோதிக்காமல் வடித்து விற்கவோ எரிக்கவோ கூடாது. இரும்பில் ஈயம் கலந்த சிவப்பு பிரைமர் இருக்கும். உலர்ந்த நிலையில் கிரைண்டர் வைக்காதீர்கள். பாய்லர் குழாய்களைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பூச்சு ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், அது ஷீட்டைவிட ஆபத்து, ஏனென்றால் தொட்டாலே உதிரும். திண்டுக்கல் பக்கத்துத் தோல் ஷாப் என்றால் மண்ணிலும் கிணற்றிலும் குரோமியம் சோதனை இல்லாமல் ஒரு செடிகூட வைக்காதீர்கள். கூடத்துத் தரை ஸ்பிண்டில் எண்ணெயில் ஊறியிருந்தால் அதன் மேல் டைல்ஸ் ஒட்டாது. ஆறு மாதத்தில் பெயரும். ஊறிய அடுக்கை வெட்டி எடுத்த பிறகே புதுத்தளம்.

தூண் வார்ப்பிரும்பா, எஃகா? தெரிந்தால் என்ன பயன்?

ஒரு சிறு துளை போடுங்கள். சுருள் சுருளாகச் சீவல் வந்தால் எஃகு. மணல் போலக் கருந்தூள் வந்தால் வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பு அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுப்பிலும் அடியிலும் பட்டென்று உடையும். சாதாரண வெல்டிங் வைத்தால் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே விரிசல் ஓடும். அதனால் புதிய மாடித்தளத்துக்கு விட்டம் தாங்க வார்ப்பிரும்புத் தூணில் கொண்டி வெல்டிங் செய்வது பெரிய தவறு. தூணைச் சுற்றிப் பட்டை போட்டுப் பிடியுங்கள், அல்லது புதுத்தளத்துக்குத் தனித் தூணே நிறுத்துங்கள். தீப்பிடித்தால் சூடான வார்ப்பிரும்பின் மேல் தண்ணீர் பாயும்போது அது விரிசல் விட்டு உடையலாம். எஃகும் 550 டிகிரி வெப்பத்தில் பாதி வலுவை இழக்கும். தீயைத் தாங்கும் பூச்சு பற்றித் தீயணைப்புத் துறையிடம் வரைபடத்தோடு பேசுங்கள்.

மில் கூடங்கள் ஏன் வேலை நடக்கும்போதே தீப்பிடிக்கின்றன?

டிரஸ்களின் மேல்பக்கத்திலும் தரைக்கடியிலும் பஞ்சுத் தூசு பல ஆண்டுகளாகப் படிந்திருக்கிறது. கேஸ் கட்டிங்கின் தீப்பொறி ஒன்று விழுந்தால் அது சுவாலை விடாது, உள்ளுக்குள் புகையும். ஆட்கள் சாப்பிடப் போன பிறகு, சில நேரம் இரவில், எரியத் தொடங்கும். முதலில் வாக்குவம் போட்டுத் தூசை எடுங்கள். காற்றை ஊதிக் கிளப்பாதீர்கள். வெல்டிங் முடிந்து ஒரு மணி நேரம் ஓர் ஆள் தண்ணீரோடு அங்கேயே நிற்க வேண்டும். மாலை நான்கு மணிக்கு மேல் கேஸ் கட்டிங் வேண்டாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

தரைக்கடியில் என்று சொன்னோமே: நூற்பாலைகளில் ஈரப்பதம் காக்கும் பிளான்ட்டுக்குக் காற்று திரும்பப் போக, ஆள் குனிந்து நடக்கும் அளவுக்குச் சுரங்கக் கால்வாய்கள் இருக்கும். பலர் இவற்றை மண் போட்டு மூடிவிடுகிறார்கள். சுத்தம் செய்து மின்கம்பி, தண்ணீர்க் குழாய், குளிர்காற்று எல்லாவற்றையும் அதிலேயே கொண்டு போனால் கூடத்தின் தரையையும் சுவரையும் வெட்ட வேண்டியதில்லை. உள்ளே இறங்கும் முன் காற்றோட்டம் கொடுத்து, மேலே ஓர் ஆளை நிறுத்துங்கள்.

சுவர் உப்புப் பூத்து உதிர்கிறது. சிமென்ட் பூச்சு போட்டால் நிற்குமா?

நிற்காது, இன்னும் கெடும். பழைய செங்கல் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. ஈரம் சாந்து வழியாக வெளியேறும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்பு செங்கலுக்குள்ளேயே படிகமாகி முகத்தைப் பொரித்துத் தள்ளும். இரண்டு மூன்று ஆண்டில் பூச்சு செங்கல் தோலோடு பெயர்ந்து வரும்.

செய்யவேண்டியது: அடிமண்ணைச் சுவரிலிருந்து விலக்கி வடிகால் கொடுங்கள். பழைய சிமென்ட்டைக் கை உளியால் எடுங்கள். கிரைண்டர் செங்கல் விளிம்பை அறுத்துவிடும். இணைப்புகளை 25 மி.மீ. ஆழம் சுரண்டி, தூசு போக்கி, நனைத்து, நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய சொரசொரப்பான மணல் மூன்று பங்கு என்ற சாந்தை அழுத்தி அடையுங்கள். 12 மி.மீ. இணைப்பு என்றால் சதுர மீட்டருக்கு ஆறு லிட்டர் சாந்து பிடிக்கும், சேதாரத்தையும் சேர்த்து. சுண்ணாம்பைக் குறைந்தது இரண்டு வாரம் தண்ணீருக்கடியில் ஊறவிடுங்கள். நீறாத கல் மிஞ்சினால் பூசிய பிறகு சுவரில் கொப்புளம் கிளம்பும். பூச்சு ஒரு தடவைக்கு 12 மி.மீ.க்கு மேல் வேண்டாம்.

மதுரை வெயில்தான் இங்கே எதிரி. சித்திரையில் பூசிய சாந்து மாலைக்குள் காய்ந்து தூளாகும். ஈரச் சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரம் காப்பாற்றுங்கள். கடுக்காய், கருப்பட்டி நீர் கலப்பது பற்றிப் பலர் கேட்கிறார்கள்: தெரிந்த கொத்தனார் கையில் அது நல்லது, அளவு தெரியாமல் கலந்தால் சாந்து இறுகாமல் எறும்பு மொய்க்கும். ஒரு சதுர மீட்டர் மாதிரி பூசி ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

புகைபோக்கியை இறக்கிவிடச் சொல்கிறார்கள். அவசியமா?

பெரும்பாலும் இல்லை. சாய்வை நான்கு திசையிலிருந்தும் அளந்து, ஆறு மாத இடைவெளியில் மறுபடி அளங்கள். சாய்ந்து நின்றுவிட்டதா, சாய்ந்துகொண்டே போகிறதா என்பதே கேள்வி. விரிசல் மேல் கண்ணாடித் துண்டு ஒட்டித் தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் உயிரோடு இருக்கிறது. மேல் கால் பகுதிதான் வழக்கமாகக் கெடும்: உள்ளே புகையின் கந்தகம் சாந்தைத் தின்றிருக்கும், வெளியே மழை. அந்தப் பகுதியை மட்டும் எண் போட்டுப் பிரித்துத் திரும்பக் கட்டலாம். அரசு, ஆல் கன்றுகளைப் பிடுங்காதீர்கள். வேரோடு செங்கல் வரும். அடியில் வெட்டி, வெட்டுவாயில் களைக்கொல்லி தடவி, பட்ட பிறகு எடுங்கள். இடிதாங்கி கட்டாயம்; புவி இணைப்பு 10 ஓமுக்குள் இருக்கிறதா என்று கோடையில் அளக்க வேண்டும், ஈரமான மார்கழியில் அளந்தால் தப்பான தைரியம் கிடைக்கும்.

ரம்பப் பல் கூரையின் வடக்கு பார்த்த கண்ணாடி வழியாக வெயில் வராது என்கிறார்களே, ஏன் எங்கள் கூடம் வேகிறது?

அந்தக் கூரை இங்கிலாந்தில் பிறந்தது. அங்கே நண்பகல் சூரியன் வடக்கே வராது. மதுரை சுமார் 10 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம் நிற்கும். ஜூனில் உச்சியிலிருந்து பதின்மூன்றரை பாகை வடக்கே. கண்ணாடியை மூடாதீர்கள். நேராக நிற்கும் கண்ணாடிக்கு மேலே, அதன் உயரத்தில் பத்தில் நான்கு பங்கு நீட்டி மறைப்பு கொடுங்கள்: ஒரு மீட்டர் கண்ணாடிக்கு 40 செ.மீ. காலை ஒன்பதிலிருந்து மாலை மூன்று வரை நேர்வெயில் நின்றுவிடும், வெளிச்சம் குறையாது. கண்ணாடி சாய்ந்திருந்தால் நீட்டம் கூடும்.

எதற்குப் பயன்படுத்தலாம்?

கட்டடம் தாங்குவதற்கு ஏற்ற பயனைத் தேடுங்கள். வகுப்பறைக்குச் சதுர மீட்டருக்கு 300 கிலோ, கடைக்கு 400, இருக்கை பொருத்தாத கூட்ட அரங்குக்கு 500 என்று தோராயமாகத் தளச் சுமை வைக்க வேண்டும். மரவிட்டத்து மெட்ராஸ் ஒட்டு மாடியில் (மரவிட்டங்கள் மேல் சிறு செங்கல்லைச் சுண்ணாம்பில் அடுக்கிய தளம்) கூட்டம் கூட்டுவதற்கு முன் விட்ட முனைகளில் கரையானைப் பாருங்கள். எங்கள் முதல் விருப்பம், வேலை நடக்கும் பயன்: சுங்குடிக் கூடம், சிறு பட்டறைகள், தொழிற்பயிற்சி. கல்யாண மண்டபம் வருமானம் தரும். ஆனால் பொய்க்கூரை போட்டு டிரஸ்ஸை மறைத்துவிட்டால் ஒழுக்கும் துருவும் கண்ணுக்குத் தெரியாமல் வளரும். போடத்தான் வேண்டுமென்றால் கழற்றிப் பார்க்கும்படி போடுங்கள். ராணி மங்கம்மாள் கால அரண்மனை 1959-இல் காந்தி அருங்காட்சியகமானது; பயன் மாறியதால்தான் அது இன்றும் நன்றாக இருக்கிறது.

கிட்டங்கியை இடித்து மாடி மேல் மாடி கட்டினால் லாபம்தானே?

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயரக் கட்டுப்பாடு இருக்கிறது. ஐந்து ஆறு மீட்டர் உயரமுள்ள கிட்டங்கிக்குள் தனித் தூண்களில் இடைத்தளம் போட்டாலே அந்தப் பரப்பில் பெரும்பகுதி கிடைத்துவிடும். இடிப்புக் கூலியும், குறுகிய தெருவில் இரவில் மட்டும் லாரி ஓட்டும் செலவும் மிச்சம்.

அனுமதிகளில் எங்கே சிக்கும்?

நில வகைப்பாட்டில். முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) தொழிற்சாலைப் பகுதி என்று இருந்தால், வணிகமாகவோ நிறுவனப் பயனாகவோ மாற்ற 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி விண்ணப்பிக்க வேண்டும், மாதக்கணக்காகும். அதற்கு முன் பழைய நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டக் கோப்புகளைப் பாருங்கள். அந்தச் சட்டம் 1999-இல் நீங்கினாலும், தொழிலுக்கென்று விலக்குப் பெற்ற நிலத்தில் அந்தக் காலத்து ஆணை பத்திரத்தோடு தொங்கிக்கொண்டிருக்கலாம். மரபுக் கட்டடங்களுக்கென 2012-இல் தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. பட்டியலில் இல்லாவிட்டாலும், உங்கள் ஆவணத் தொகுப்பை அங்கே அனுப்பி வைப்பதில் நட்டமில்லை.

மும்பை மில் நிலங்களில் என்ன தவறியது?

1991 விதிப்படி மில் நிலத்தை மாற்றினால் மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்குத் திறந்தவெளியாக, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, மீதி உரிமையாளருக்கு. 2001-இல் அந்தப் பங்கீடு காலி நிலத்துக்கு மட்டும் என்று திருத்தப்பட்டது. கட்டடம் நின்ற பரப்பு கணக்கிலிருந்து போனதால் ஊருக்குக் கிடைக்கவேண்டியது சுருங்கிவிட்டது. 2006-இல் உச்ச நீதிமன்றமும் திருத்தத்தை ஏற்றது. இங்கே பெரிய மில் நிலம் கைமாறும்போது ஆட்சேபக் கெடுவுக்குள் வரைபடத்தைக் கேட்டு, திறந்தவெளியும் வழியும் எத்தனை சதுர மீட்டர் என்று எண்ணாகக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

பழைய தொழிலாளர்களிடம் என்ன கேட்பது?

பொதுவாக "அந்தக் காலம் எப்படி?" என்று கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். கூடத்துக்குள் அழைத்துப் போய், நின்ற இடத்தில் நின்று சொல்லச் சொல்லுங்கள். எந்த எந்திரம், எத்தனை கதிர் (ஸ்பிண்டில்), நூல் அறுந்தால் எப்படி முடிந்தார்கள், பெண்கள் எந்தப் பிரிவில், பிள்ளைக்காப்பகம் எங்கே, வேலைநிறுத்தத்தில் எந்த வாசலில் உட்கார்ந்தார்கள். சம்பள பாக்கி, பணிக்கொடை வழக்கு நடந்துகொண்டிருந்தால் பேசுவது அவர்களைப் பாதிக்குமா என்று முதலில் கேளுங்கள். பதிவின் ஒரு பிரதி அவர்கள் வீட்டுக்குப் போகட்டும்.

மில் சங்கை மறுபடி ஊதலாமா?

மின்சங்கு என்றால் மோட்டாரின் பேரிங்கையும் காப்பு மின்தடையையும் சோதித்து ஓட்டலாம். நீராவிச் சங்கைக் கம்பிரசர் காற்றில் ஊதச் செய்யலாம். குழாயும் வால்வும் அழுத்தச் சோதனை முடித்திருக்க வேண்டும். குடியிருப்புப் பகுதியில் பகல் ஒலி வரம்பு 55 டெசிபல் என்பதால் தினமும் ஊத வழியில்லை. மே தினம் போன்ற ஒரு நாளுக்கு முன் அனுமதி வாங்கி, பக்கத்து மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் தெரிவித்துவிட்டு, சில விநாடி மட்டும் ஊதுங்கள். எந்த நேரத்தில் ஊதுவது என்று அந்த மில்லில் முதல் ஷிப்டு பார்த்தவரிடம் கேளுங்கள். மில்லுக்கு மில் நேரம் சில நிமிடம் மாறும்.